நாயகி மேல் கோபம் வருகிறதா? அமானுஷ்யக் காதல் நாவலைப் பழுது பார்க்கும் வழி

இளையோருக்கான அமானுஷ்யக் காதல் கதைகளைக் கைப்பிரதியாகவே படித்துக் கருத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், சாபம் பெற்ற இளவரசன், பாதித் தேவதை, செத்த பிறகும் பள்ளிக்கூடத்துக்கு வரும் பையன் என்று ஆள் மாறுகிறதே தவிர கோளாறு மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போனதால் அறிகுறிவாரியாக இங்கே போட்டுவைக்கிறேன். உங்கள் கதையில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாசகர் எந்த இடத்தில் எரிச்சலடைந்தாரோ அந்த இடத்தில் பழுது இருப்பது அபூர்வம். கூரை ஒழுகுவதைப் போலத்தான். சொட்டுவது ஒரு அறையில், ஓடு உடைந்திருப்பது இன்னொரு அறைக்கு மேலே. "இருபதாம் அத்தியாயம் போரடிக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் திறப்பது ஐந்தாம் அத்தியாயத்தை.

## ஆரம்பிக்கும் முன்

கோப்பை நகலெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். வெட்டியதைத் திரும்பத் தேடும் நாள் கட்டாயம் வரும்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். என்ன நடந்தது என்று எழுத வேண்டாம். யார் என்ன முடிவெடுத்தார், அதனால் எது மாறியது, அவ்வளவுதான். முடிவே இல்லாத அத்தியாயம் என்றால் ஒரு கோடு. முப்பது அத்தியாயம் இருந்தால் முப்பது வரி. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். இதற்கு நான் முடிவுத் தாள் என்று பெயர் வைத்திருக்கிறேன். கீழே வரும் சோதனைகளில் பாதி இந்தத் தாளை வைத்துத்தான்.

ஒரு சமயத்தில் ஒரு கோளாறை மட்டும் சரிசெய்யுங்கள். சரிசெய்ததும் முன்னும் பின்னும் இரண்டு அத்தியாயங்களைச் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

## அறிகுறி 1: நாயகியைப் பிடிக்கவில்லை என்கிறார்கள்

அதிகம் வரும் புகார் இது. "பிடிக்கவில்லை" என்பதோடு விடாதீர்கள். எந்த மாதிரி எரிச்சல் என்று தோண்டிக் கேளுங்கள். நான்கு கிளை உண்டு, நான்குக்கும் மருந்து வேறு வேறு.

### 1அ. ஓயாமல் தன்னைத் தாழ்த்திக்கொள்கிறாள்

சோதனை: கோப்பில் "சாதாரண", "அழகில்லை", "தகுதி", "என்னைப் போய்" ஆகியவற்றைத் தேடுங்கள். எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தால் நீங்களே கொஞ்சம் வெட்கப்படுவீர்கள்.

மலிவான, அதாவது குறைந்த வேலையில் சரியாகும் காரணம், ஒரே எண்ணம் பல தடவை வருவது. இந்த வகை நாவல்களில் பெரும்பாலானவை "நான்" என்று நாயகியே சொல்வதாக எழுதப்படுகின்றன. அவள் யாரென்று நமக்கே பிடிபடுவதற்காக முதல் வரைவில் எழுதிப் பார்த்த வரிகள் அவளுடைய புலம்பலாக அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை வெட்டுங்கள். எதை வைப்பது? அப்படி நினைத்ததால் அவள் ஒரு காரியத்தைச் செய்யாமல் விட்ட இடத்தை.

வெட்டியும் எரிச்சல் போகவில்லை என்றால் அடுத்த காரணத்தைப் பாருங்கள். அவள் "நான் ஒன்றுமில்லாதவள்" என்கிறாள். கதையிலோ மூன்று பையன்கள் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள், ஆசிரியர்கள் மெச்சுகிறார்கள், ஓர் அரச வம்சமே அவளைத் தேடுகிறது. வாசகர் இதைப் பொய்யடக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அவளுக்கு நிஜமான ஒரு குறையைக் கொடுங்கள்: பொறாமை, எதையும் பாதியில் விடுவது, தோற்றால் பேசாமலே இருந்து பழிவாங்குவது. அந்தக் குறையால் யாருக்காவது ஒரு நஷ்டம் வர வேண்டும். கால் தடுக்கி விழுவதைக் குறை என்று கணக்கில் எழுதாதீர்கள். நாயகன் தாங்கிப் பிடிப்பதற்கு நீங்கள் செய்துவைத்த ஏற்பாடு அது.

### 1ஆ. ஆபத்து என்று தெரிந்தே போய் விழுகிறாள்

நள்ளிரவு. பாழடைந்த வீடு. போகாதே என்று நான்கு பேர் சொல்லிவிட்டார்கள். அவள் போகிறாள். ஏன்? "ஏதோ ஒன்று என்னை இழுத்தது."

அந்த "ஏதோ ஒன்று" எழுத்தாளர்தான். அடுத்த காட்சிக்கு அவள் அங்கே இருந்தாக வேண்டும், அதனால் இழுத்துப் போகிறார்.

மலிவான மருந்து: போகாவிட்டால் என்ன நஷ்டம் என்பதைக் காட்சிக்குள்ளே வையுங்கள். பெரும்பாலும் இரண்டு வரி போதும். அந்த வீட்டு வாசலில் தம்பியின் சைக்கிள் சாய்ந்து கிடக்கிறது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்போது அவள் உள்ளே போவதை யாரும் முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டார்கள். போகாமல் நின்றால்தான் திட்டுவார்கள்.

இரண்டாவது மருந்து கொஞ்சம் வேலை வாங்கும். புத்திசாலிப் பெண் செய்கிற எல்லா முன்னெச்சரிக்கையையும் அவளைச் செய்ய விடுங்கள். தோழியிடம் சொல்லிவிட்டுப் போகட்டும், போனில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளட்டும், பின்வாசல் எங்கே என்று பார்த்து வைக்கட்டும். எல்லாம் செய்தும் மாட்டிக்கொள்ள வேண்டும். இதற்காக வில்லனைக் கொஞ்சம் கெட்டிக்காரனாக்க வேண்டியிருக்கும். அதுவும் லாபம்தான்.

### 1இ. வாசகருக்கு எப்போதோ தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை

அட்டையில் கோரைப்பல். பின்னட்டையில் "அவன் மனிதனே அல்ல". கதையில் அவள் 12ஆம் அத்தியாயத்தில்தான் சந்தேகப்படவே ஆரம்பிக்கிறாள். அதற்குள் அவனுடைய கை குளிர்ந்திருப்பதும் அவன் சாப்பிடாததும் ஐந்து தடவை வந்தாயிற்று. எழுதும்போது நமக்கு அட்டை ஞாபகத்தில் இருக்காது. வாசகர் உள்ளே வருவதே அட்டையைப் பார்த்துத்தான்.

சோதனை: பின்னட்டைக் குறிப்பை எழுதிப் பாருங்கள். அதில் சொல்லிவிட்ட எதையும் நாவலின் முதல் கால்பகுதிக்கு மேல் மர்மமாக நீட்டக் கூடாது.

மருந்து இரண்டு. கண்டுபிடிப்பை முன்னால் இழுத்து, "அவன் யார்" என்பதற்குப் பதிலாக "தெரிந்த பிறகு இவள் என்ன செய்யப் போகிறாள்" என்பதைக் கேள்வியாக்கலாம். இல்லையென்றால் அவளுக்கு ஒரு தப்பான, ஆனால் அறிவுள்ள விடையைக் கொடுக்கலாம். கை குளிர்ச்சி, வெயில் ஆகாது, மதியம் சாப்பிடுவதில்லை: ரத்தசோகை என்று நினைத்து அவனுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான், மறுக்கத் தெரியாமல். வாசகருக்கு உண்மை தெரியும்தான், ஆனாலும் அவளைப் பார்த்துச் சிரிப்பாரே தவிரக் கோபப்பட மாட்டார்.

### 1ஈ. அவள் எதுவும் செய்வதே இல்லை

இதுதான் செலவு அதிகம் வைக்கும் கிளை. மேலே சொன்ன மூன்றையும் பார்த்துச் சரிசெய்த பிறகும் எரிச்சல் இருந்தால்தான் இங்கே வாருங்கள்.

முடிவுத் தாளில் அவள் பெயர் எத்தனை வரியில் வருகிறது? முப்பதில் பத்துக்குக் குறைந்தால் அவள் நாயகி இல்லை, நடப்பதைப் பார்த்துச் சொல்கிறவள். காப்பாற்றப்படுவது, கடத்தப்படுவது, ரகசியத்தை ஒட்டுக்கேட்பது, மயங்கி விழுந்து வேறு இடத்தில் கண் விழிப்பது எதுவும் முடிவுக் கணக்கில் சேராது. மயக்கத்தைத் தனியாக எண்ணிப் பாருங்கள். ஒரு நாவலில் இரண்டு தடவைக்கு மேல் நாயகி மயங்கினால், காட்சியை முடிக்க எழுத்தாளருக்கு வழி தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்த சோதனை ஒரே கேள்வி: பையன் வராமலே போயிருந்தால் இந்த வருடம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்? பதில் சட்டென்று வர வேண்டும். நீச்சலில் தேர்வாக வேண்டும், காணாமல் போன அக்காவைத் தேட வேண்டும், கடனில் இருக்கும் கடையைக் காப்பாற்ற வேண்டும், ஏதோ ஒன்று. வரவில்லை என்றால் முதல் மூன்று அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டியதுதான். அவள் தேடுகிற பொருளுக்குப் பையன் குறுக்கே வர வேண்டும். பையனே அந்தப் பொருளாகிவிட்டால் அவன் கிடைத்த பக்கத்தோடு கதை நின்றுபோகும்.

எடிட்டரைக் கூப்பிடும் கட்டம்: இந்த மாற்றம் பாதி அத்தியாயங்களுக்கு மேல் தொடும் என்று தெரிந்தால், எழுத உட்காரும் முன்பே கதையமைப்பைப் பார்க்கும் எடிட்டரிடம் போங்கள். முடிவுத் தாளையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

## அறிகுறி 2: நாயகன் காதலிக்கிறானா, வேவு பார்க்கிறானா?

அழைக்காமல் அறைக்குள் வருகிறான். தூங்கும்போது பார்த்துக்கொண்டிருக்கிறான். யாரோடு பேச வேண்டும் என்று அவன் முடிவு செய்கிறான். எல்லாம் "உன் நல்லதுக்குத்தான்".

சோதனை: அவனுடைய அழகையும் அமானுஷ்யத்தையும் நீக்கிவிட்டு, அவன் செய்ததை மட்டும் வரிசையாக எழுதுங்கள். அதை எதிர்வீட்டு மாமா செய்ததாகப் படியுங்கள். வயிற்றைக் கலக்கினால் கோளாறு உறுதி.

நம் அகப்பொருள் இலக்கணம் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. ஒருதலைக் காமம் கைக்கிளை, பொருந்தாக் காமம் பெருந்திணை, இரண்டும் இருவரும் மனமொத்துக் காதலிக்கும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே. கைக்கிளையை எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கைக்கிளையை எழுதிவிட்டு மேலே, ஐந்திணையில் காதலர் கூடலுக்குரிய குறிஞ்சி என்று லேபிள் ஒட்டும்போதுதான் தகராறு.

- முதலில் பார்க்க வேண்டியது, அவளுடைய எதிர்வினை எழுதாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று. அவன் ஜன்னல் வழியாக வந்தான் சரி, அவள் என்ன சொன்னாள்? "இன்னொரு தடவை கேட்காமல் வந்தால் தாழ்ப்பாள் போட்டுவிடுவேன்" என்று அவள் சொல்லி, அடுத்த தடவை அவன் வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினால் அதே காட்சி காதல் காட்சியாகிவிடும். ஒரு பத்தி வேலை.
- அது இருந்தும் நெருடினால், அவன் மறைக்கிற விஷயங்களை எண்ணுங்கள். ஒரே ரகசியத்தை "உன்னைக் காப்பாற்றத்தான்" என்று மூன்று தடவை மறைத்தால் மூன்றாவது தடவை வாசகர் அவன் பக்கம் இருக்க மாட்டார். இரண்டாவது தடவையிலேயே அவள் வேறு வழியில் கண்டுபிடித்துவிடட்டும்.
- கடைசியாக, அவளால் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். மனதை வசியம் செய்யும் சக்தி அவனுக்கு இருந்தால் அவளுடைய "சரி" செல்லாத நோட்டு. வசியம் அவளிடம் பலிக்காது என்று வைப்பது எல்லோரும் போகிற குறுக்குவழி. அதைவிட, வசியம் பலிக்கும் என்று வைத்து, அவன் அதைப் பயன்படுத்தாமல் தோற்றுப்போகும் ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள்.

எடிட்டரைக் கூப்பிடும் கட்டம்: அவளுக்கு 17, அவனுக்கு 300 என்ற கணக்கு இந்த வகையின் பழைய தலைவலி. இளையோர் நாவல் என்றால் படிக்கிறவர்களுக்கு 12 வயது முதலே இருக்கலாம். வயது இடைவெளியும் கட்டுப்படுத்தும் குணமும் கதையின் மையத்திலேயே இருந்தால் நண்பர்களின் அபிப்பிராயம் போதாது. இளையோர் நூல்களையே தொழிலாகப் பார்க்கும் எடிட்டர் ஒருவர் படித்தாக வேண்டும். "எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்" என்பது பதில் இல்லை.

## அறிகுறி 3: எப்போது காதல் வந்ததென்றே தெரியவில்லை

சோதனை: விதி, ஜென்ம பந்தம், ஆன்மத் துணை, முன்ஜென்மம் ஆகிய சொற்களைக் கைப்பிரதியிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள். அவர்கள் இன்னும் ஒருவரையொருவர் தேடுகிறார்களா? இல்லையென்றால் அந்தச் சொற்கள் பசை. பசையை எடுத்ததும் இரண்டும் தனித்தனியாக விழுந்துவிடுகின்றன.

பெரும்பாலும் காரணம் சின்னதுதான். முதல் சந்திப்பு முழுக்கக் கண்ணால் எழுதப்பட்டிருக்கும். எனக்கு வருகிற கைப்பிரதிகளில் பாதி இப்படித்தான் இருக்கும்:

"அவன் கண்கள் நள்ளிரவு வானத்தைப் போல் ஆழமாக இருந்தன. என் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. இவனுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேனோ?"

இந்த மூன்று வரியை எந்த நாவலில் ஒட்டினாலும் ஒட்டும். இவள் யார், இவன் யார் என்று ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்கிற மாற்று இது: இருவரையும் காதலுக்குச் சம்பந்தமில்லாத மூன்றாவது ஒரு பொருளின் முன்னால் நிறுத்துங்கள். உதாரணத்துக்கு, அவள் நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குகிறாள். அவன் ஒன்றை நீட்டுகிறான்.

*உள்அட்டைச் சீட்டில் கடைசித் தேதி முத்திரை மங்கிப் போயிருந்தது. பக்கவாட்டில் பென்சில் குறிப்புகள். அவன் சற்று முன் பதிவேட்டில் போட்ட கையெழுத்தின் அதே சாய்ந்த 'ழ'.*

*"புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம்."*

*"எவ்வளவு?"*

*"கிறுக்கலுக்குத் தனி. தாமதத்துக்கு நாள் கணக்கு." சீட்டை அவன் பக்கம் திருப்பினேன். "நீங்கள் எடுத்துப்போய் அறுபத்திரண்டு வருஷம் ஆகிறது."*

*மறுப்பான் என்று பார்த்தேன். அவன் சீட்டையே பார்த்துக்கொண்டு, உதடு அசைய, லீப் வருஷங்களை எண்ண ஆரம்பித்தான்.*

கண்ணின் நிறமே வரவில்லை. ஆனால் அவள் எதையும் விடாமல் கவனிக்கிறவள், அவன் பொய் சொல்லத் தெரியாதவன், இத்தனை வருடத்தில் அவனை யாரும் இப்படிக் கவனித்ததில்லை என்பதெல்லாம் வந்துவிட்டன. அவன் ஏன் நாளைக்கும் வருவான் என்று வாசகருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

முதல் சந்திப்பு நன்றாக இருந்தும் காதல் ஒட்டவில்லையா? அப்படியென்றால் "காதலிக்கிறேன்" என்ற வார்த்தை வருவதற்கு முன் இப்படிப்பட்ட காட்சிகள் எத்தனை என்று எண்ணுங்கள். எனக்குக் குறைந்தது மூன்று வேண்டும். அதில் ஒன்றிலாவது இருவரும் ஒத்துப்போகக் கூடாது. புதிய காட்சி எழுதத் தேவையில்லாமல், ஏற்கெனவே இருக்கும் துரத்தல், தேடல் காட்சிகளுக்குள்ளேயே இந்தப் பேச்சை வைக்க முடியும்.

## அறிகுறி 4: முக்கோணக் காதல் ஆடவே இல்லை

இரண்டாவது பையன் ஜெயிக்க மாட்டான் என்று முதல் பக்கத்திலேயே தெரிகிறது. சோதனை: ஒரு காட்சியில் இரண்டு பையன்களின் பெயரையும் மாற்றிப் போடுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் இருவரும் ஒரே ஆள். வித்தியாசம் தெரிகிறது, ஆனால் இரண்டாமவன் எப்போதும் நல்லவன், எப்போதும் கிடைக்கிறவன் என்றால் அவன் காத்திருப்போர் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறான். இருவரில் யாரைத் தேர்ந்தாலும் அவள் வேறொன்றை இழக்க வேண்டும்: ஒருவனோடு போனால் வீடு போகும், இன்னொருவனோடு போனால் உண்மை போகும் என்ற மாதிரி. அப்படி ஒன்று தோன்றவில்லையென்றால் கூசாமல் இரண்டாமவனைத் தூக்கிவிடுங்கள். முக்கோணம் கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

## அறிகுறி 5: நடுவில் கதை படுத்துவிடுகிறது

முடிவுத் தாளில் நடுப்பகுதியை எடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ஓர் இணைப்புச் சொல்லை எழுதுங்கள்: "அதனால்", "ஆனால்", "அப்புறம்". எழுத்துப் பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்கும் சோதனை இது. முதல் இரண்டும் வந்தால் கதை நகர்கிறது. வரிசையாக மூன்று "அப்புறம்" வந்தால் அங்கேதான் வாசகர் போனைக் கையில் எடுத்தார்.

மலிவான காரணம், பெரியவர் உட்கார்ந்து குலவரலாறு சொல்லும் அத்தியாயம். ஆயிரம் ஆண்டுப் போர், ஏழு குலங்கள், உடைந்த ஒப்பந்தம். இதை நீக்கிவிட்டு, அந்தத் தகவல்களில் எது இல்லாமல் அடுத்த மூன்று அத்தியாயம் புரியாதோ அதை மட்டும் ஒரு சண்டையின் நடுவே வாயிலிருந்து வரவைத்தால் போதும். மீதியில் பெரும்பகுதி உங்கள் குறிப்பேட்டுக்குச் சொந்தம்.

அடுத்தது பயிற்சி அத்தியாயங்கள். சக்தியை அடக்கப் பழகுகிறாள், தோற்கிறாள், பழகுகிறாள், ஜெயிக்கிறாள். மூன்றை ஒன்றாக்குங்கள். அந்த ஒன்றில் பயிற்சியால் யாருக்காவது அடிபடட்டும்.

இன்னொன்று, "ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்" வகைச் சண்டை. அவன் வேறொரு பெண்ணோடு நிற்பதைப் பார்க்கிறாள், எட்டு அத்தியாயம் பேசாமல் இருக்கிறாள், கடைசியில் அது அவன் தங்கை. இங்கே ஒரே வழிதான்: அவளை உடனே கேட்கவிடுங்கள். அவன் உண்மையையே சொல்லட்டும், அந்த உண்மை அவள் பயந்ததைவிட மோசமாக இருக்கட்டும். தங்கைதான், ஆனால் அவள் இறந்து நூறு வருடம் ஆகிறது, அவள் பசியோடு இருக்கிறாள்.

விலை கூடிய காரணம், பாதிவழியில் திருப்பம் இல்லாமை. நாவலின் நடுப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அதற்கு முன் நாயகி நம்பிய ஒன்று அங்கே பொய்யாகியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நடனவிழாவுக்கு உடை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் கதையின் இரண்டாம் பாதியைத் திரும்ப யோசிக்க வேண்டும். இங்கேயும் எடிட்டர் தேவைப்படலாம், ஆனால் முதல் மூன்றையும் முடித்துவிட்டுப் போங்கள். உங்கள் காசுதான் மிச்சம்.

## அறிகுறி 6: விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன

### 6அ. "காட்டேரி வெயிலில் சாக வேண்டுமே?" என்று கேட்கிறார்கள்

இது கோளாறே இல்லை, பயப்படாதீர்கள். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய டிராகுலா பகலில் நடமாடுவான், சக்தி மட்டும் குறைந்திருக்கும். வெயில் பட்டால் அழிந்துபோவது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப்படம் கொண்டுவந்த வழக்கம். விதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாசகர் அப்படிக் கேட்டார் என்றால் உங்கள் விதியை அவருக்கு எங்கேயும் காட்டவில்லை என்று அர்த்தம். முதல் ஐந்து அத்தியாயத்துக்குள், விளக்கமாக இல்லாமல் ஒரு செயலாகக் காட்டிவிடுங்கள்.

### 6ஆ. நான்காம் அத்தியாயத்தில் முடியாதது இருபதில் முடிகிறது

ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை: என்ன செய்ய முடியும், செய்தால் என்ன விலை. கைப்பிரதியைப் படித்துக்கொண்டே பக்க எண்ணோடு நிரப்புங்கள். முரண்பாடுகள் தானாக வெளியே வரும். பெரும்பாலும் ஒரு வரி மாற்றத்தில் சரியாகிவிடும்.

### 6இ. கிளைமாக்ஸில் அவளுக்குப் புது சக்தி வருகிறது

தோற்கப் போகிற நேரத்தில் கையிலிருந்து வெள்ளொளி. வில்லன் சாம்பல். 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதைப் பற்றிக் குறைப்பட்டிருக்கிறார். கதையின் முடிச்சு கதைக்குள்ளிருந்தே அவிழ வேண்டும், மேடைக்கு மேலிருந்து இயந்திரப் பொறியில் இறங்கி வரக் கூடாது என்று யூரிப்பிடீஸின் 'மெடியா' நாடகத்தைக் காட்டிச் சொன்னார். வெள்ளொளியும் அதே பொறிதான்.

மலிவான மருந்து, அந்தச் சக்தியை முன்னாலேயே சின்ன அளவில், வேறொரு காரியத்துக்காக, இரண்டு தடவை காட்டுவது. ஒரு தடவை பலிக்கட்டும், ஒரு தடவை சொதப்பட்டும். இது பெரும்பாலும் போதும். போதாவிட்டால் விலையைச் சேருங்கள்: அந்த ஒளியைப் பயன்படுத்தினால் அவள் எதை இழக்கிறாள்? விலை தெரிந்தும் பயன்படுத்தினால் அது முடிவு. முடிவுத் தாளின் கடைசி வரிகளில் அவள் பெயர் அப்படித்தான் வர வேண்டும்.

## அறிகுறி 7: தோழி எங்கே போனாள்?

முதல் நான்கு அத்தியாயத்தில் பேசிப் பேசிச் சிரிக்க வைத்தவள், பையன் வந்ததும் காணவில்லை. கடைசியில் கடத்தப்படுவதற்காக மட்டும் திரும்ப வருகிறாள். பெற்றோர் கதையும் இதேதான். வேலை விஷயமாக வெளியூர், அல்லது விபத்தில் இறந்துவிட்டார்கள்.

எனக்கு இந்த அறிகுறி மேல் தனிக் கோபம் உண்டு. காதலைப் பாடும் சங்க அகப்பாடல்களில் பாதிக் கதையை நடத்துகிறவளே தோழிதான். காதலர் ரகசியமாகச் சந்திக்கும் குறியிடம் அவளுக்குத் தெரியும். தலைவன் நாள் கடத்தினால் "எப்போது மணந்துகொள்ளப் போகிறாய்" என்று அவனை மடக்குவாள், அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். நிலைமை முற்றினால் வீட்டில் உண்மையைப் போட்டு உடைத்து அறத்தொடு நிற்பாள். அப்படிப்பட்ட பாத்திரத்தை ஊறுகாய் போல ஓரத்தில் வைத்துவிட்டு "நாயகிக்கு யாரிடமும் பேச வழியில்லை" என்று பத்துப் பக்கம் புலம்பவிடுகிறோம்.

சோதனை: நாயகி தனியாக யோசிக்கும் இடங்களைக் குறியுங்கள். அவற்றில் பாதியைத் தோழியோடு நடக்கும் பேச்சாக மாற்றுங்கள். 1அ கிளையின் புலம்பல் கோளாறும் இதோடு கணிசமாகக் குறையும். தோழிக்கு நாயகன் மேல் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கட்டும், அதில் பாதி சரியாகவும் இருக்கட்டும். இது மலிவான வேலை. எடிட்டர் தேவையில்லை.

## அறிகுறி 8: வில்லன் கடைசியில் வந்து எல்லாவற்றையும் விளக்குகிறான்

வில்லனின் விளக்கவுரை ஒரு பக்கத்தைத் தாண்டினால், அவன் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய காரியங்களைக் கடைசியில் வாயால் செய்கிறான் என்று பொருள். அந்த உரையை வாக்கியம் வாக்கியமாக வெட்டி, ஒவ்வொன்றும் எந்த அத்தியாயத்தில் தடயமாக வந்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் எண் போடுங்கள். அங்கே கொண்டுபோய் விதையுங்கள். கடைசியில் அவனுக்கு இரண்டு வரி மிஞ்சினால் போதும்.

## எந்த ஆளை, எந்த வரிசையில்

பலர் தவறுவது இங்கேதான். கதை ஆடிக்கொண்டிருக்கும்போதே மெய்ப்புத் திருத்துபவருக்குப் பணம் கொடுத்துவிடுகிறார்கள். அவர் ஒற்றெழுத்துகளை அழகாகச் சரிசெய்து தருவார். அப்புறம் அந்த அத்தியாயமே தூக்கப்படும். முதலில் கதையமைப்பு, பிறகு வாக்கியங்களைச் செப்பனிடும் வரி திருத்தம், கடைசியில் மெய்ப்பு.

கதையமைப்பு எடிட்டரிடம் எடுத்த எடுப்பில் முழுத் திருத்தம் கேட்க வேண்டாம். படித்துவிட்டுக் குறைகளை ஒரு கடிதமாக எழுதித் தரச் சொல்லுங்கள். செலவும் குறைவு, அவருக்கு இந்த வகைக் கதை பிடிக்குமா என்பதும் தெரிந்துவிடும். பிடிக்காதவரிடம் கொடுத்தால் கோளாறை விட்டுவிட்டுக் காட்டேரியை எடுக்கச் சொல்வார்.

எப்போது போவது என்பதற்கு என் அளவுகோல்: ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மூன்று பேர் ஒரே குறையைச் சொல்லி, நீங்கள் இரண்டு தடவை திருத்திய பிறகும் அதே குறை வந்தால்.

## அறிகுறி 9: "இது முடிவா, இடைவேளையா?"

கடைசிப் பக்கத்தில் கதவு திறக்கிறது, யாரோ நிற்கிறார்கள், தொடரும். அடுத்த பாகத்துக்கு ஆவல் மிச்சம் இருப்பதில் தப்பில்லை. இந்தப் பாகம் முதல் அத்தியாயத்தில் கேட்ட கேள்விக்கு இந்தப் பாகத்திலேயே பதில் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால் கதவை எப்படி வேண்டுமானாலும் திறங்கள். வரவில்லையென்றால் கடைசி அத்தியாயத்தைக் கிளறிப் பயனில்லை. முடிவுத் தாளின் முதல் வரியில் விரலை வைத்து, அவள் என்ன வேண்டும் என்று வீட்டை விட்டுக் கிளம்பினாள் என்று படியுங்கள். அந்த வரி காலியாக இருந்தால் 1ஈ கிளைக்குத் திரும்பிப் போங்கள்.